ஓரத்து வெள்ளை

கழிமுகத்துத் தீவில் இருந்த அந்த ஆசிரமத்தை மார்கழிக் காலைகளில் மூடுபனி முற்றாக விழுங்கிவிடும். கரையில் நிற்பவருக்குத் தீவு இராது. தீவில் இருப்பவருக்குக் கரை இராது. படகு மட்டும் வெண்மையிலிருந்து பிறந்து வெண்மைக்குள் கரையும்.

அப்படியொரு காலையில் சிற்சபேசன் தம் தாயுடன் வந்து இறங்கினார். கணினித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தாய் குஞ்சம்மாளுக்கு மறதி நோய்; பெற்ற மகனையே அடையாளம் தெரியாத நிலை.

ஆசிரமத்தின் தலைவர் நிறைமதி அடிகள், சிற்சபேசனைவிட வயதில் இளையவர். பல ஆண்டுகளாக அவரிடம் பாடம் கேட்டு வந்த சிற்சபேசன், அன்று ஒரு விண்ணப்பத்தோடு வந்திருந்தார்.

"சாமி, இனிமே இங்கேயே இருந்துடறேன். என்னை ஏத்துக்கணும்."

"அம்மா?"

"தங்கச்சி வீட்டுல விடத்தான் கூட்டிட்டுப் போறேன். அவ நல்லாப் பார்த்துக்குவா. எங்கேயாவது வழிதப்பிப் போனாலும் பயமில்ல. ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

தாயின் முந்தானையை விரித்துக் காட்டினார். கறுப்புக் கட்டம் போட்ட கைத்தறிப் புடவை. அதன் மேல் உள்ளங்கை அளவில் ஒரு கியூஆர் கோடு தைக்கப்பட்டிருந்தது.

"நானே உருவாக்கித் துணியில அச்சடிச்சேன். யாராவது ஃபோனைக் காட்டினாப் போதும். பேரு, ஊரு, சாப்பிடற மாத்திரை, தங்கச்சி நம்பர், எல்லாம் வந்துடும்."

குஞ்சம்மாள் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னாள்.

"நல்ல புடவையில எறும்பு மொய்ச்ச மாதிரி என்னத்தையோ வெச்சுத் தைச்சிருக்கான் தையக்காரன். கூலி கீலி குடுத்துடாதீங்க, சார்."

"தைச்சது நான்தாம்மா."

"அதானே பார்த்தேன்."

அடிகள் சிரித்தார். பிறகு கேட்டார்.

"வீட்டுல அவங்களுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

"குளிப்பாட்ட, ஊட்டிவிட ஒரு நர்ஸ் வருது. நான் பக்கத்துல சும்மா உக்காந்திருப்பேன். அவ்வளவுதான். பேச்சும் கிடையாது. நான் இருக்கறதும் இல்லாததும் அவங்களுக்கு ஒண்ணுதானே, சாமி? இந்தத் துணியாவது பேரைச் சொல்லும்."

சிற்சபேசன் திரும்பினார். தாய் அமர்ந்திருந்த பாய் காலியாக இருந்தது.

வாசலில் வெண்மை. முற்றத்தில் வெண்மை. "அம்மா!" என்று அவர் எழுப்பிய குரல், பஞ்சில் விழுந்த ஊசியைப் போல் ஓசையற்றுப் போயிற்று. சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சுரபுன்னை மர வேர்கள் காலைத் தடுக்கின. எந்தத் திசையில் அடி வைத்தாலும் அங்கே நீர் இருக்கக்கூடும். நீட்டிய கையின் விரல்கள் அவருக்கே புலப்படவில்லை. தாம் நடக்கிறோமா, நிற்கிறோமா என்பதும் தெளிவாகவில்லை.

"சாமியோவ்!"

பனியிலிருந்து முதலில் ஒரு விளக்கு வந்தது. பிறகு மீனவர் காத்தமுத்து. அவர் கையைப் பற்றிக்கொண்டு, நனைந்த புடவையுடன் குஞ்சம்மாள்.

"முழங்கால் தண்ணியில நின்னாங்க. இன்னும் ரெண்டு எட்டு வெச்சிருந்தா ஆழம். முந்தானையில கோடு இருக்குதேன்னு ஃபோனைக் காட்டினேன், எடுக்கல. காசு வாங்க என் மீன்பெட்டியில ஒட்டின கோடு செதில் படிஞ்சாக்கூட எடுக்கும், இது அசைய மாட்டேங்குது. பேரு கேட்டேன், தெரியல. ஊரு கேட்டேன், தெரியல. சரி, யாரோட வந்தீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?" என்றார் பின்னாலேயே வந்திருந்த அடிகள்.

"'பக்கத்துல சும்மா ஒரு சார் உக்காந்திருப்பாரு, அவரோட'ன்னாங்க."

சிற்சபேசன் தம் ஃபோனை எடுத்து முந்தானையின் மேல் பிடித்தார். ஒன்றும் வரவில்லை. துடைத்துவிட்டுப் பிடித்தார். வரவில்லை.

"காகிதத்துல அச்சடிச்சுப் பார்த்தப்ப எடுத்துதே!"

குனிந்து உற்று நோக்கினார். கியூஆர் கோட்டின் கறுப்பும் புடவைக் கட்டத்தின் கறுப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அவர் முகம் மாறியது.

"என்ன ஆச்சு?"

"சுத்தி ஒரு வெள்ளை ஓரம் இருந்தது, சாமி. தைக்கறப்ப உறுத்தும்னு நான்தான் வெட்டினேன்."

"அந்த ஓரத்துல என்ன இருந்தது? பேரா, நம்பரா?"

"ஒண்ணும் இல்ல. வெறும் வெள்ளை."

"ஒண்ணும் இல்லாததை வெட்டினா என்ன கெட்டுப்போச்சு?"

"அது இருந்தாத்தான் நடுவுல இருக்கறது எங்கே தொடங்குது, எங்கே முடியுதுன்னு ஃபோனுக்குப் பிடிபடும். இல்லேன்னா எல்லாம் இருந்தும் படிக்க முடியாது."

காத்தமுத்து அவர்களை ஆசிரமத்தில் விட்டுவிட்டுப் பனிக்குள் திரும்பிப் போனார். குஞ்சம்மாள் பாயில் அமர்ந்து, ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என் பிசகுதான். புதுசா அச்சடிச்சு, நாலு பக்கமும் ஓரம் விட்டுத் தைச்சுடறேன். அதுக்கப்புறம் என்னை ஏத்துக்குவீங்களா, சாமி?"

"ஓரம் இங்கே வந்து உக்காந்துட்டா, அங்கே எதை விட்டுத் தைப்பீங்க?" என்றார் அடிகள்.