மைனஸ் பதினெட்டு

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஜெபசெல்வியின் பட்டறை இருந்தது. வெளிச்சத்தை அறிகிற சென்சார், வாயுவை அறிகிற சென்சார், விரல் பட்டால் அறிகிற சென்சார் என்று எல்லாவற்றையும் அவள் மாட்டிக் கொடுப்பாள், பழுதும் பார்ப்பாள். அவளுக்கு முப்பத்துநாலு வயது. அவளுடைய ஒரே சீடர் கொம்பையாவுக்கு ஐம்பத்தேழு.

கொம்பையா இருபத்தாறு வருஷம் ஐஸ் ஃபேக்டரியில் அம்மோனியா வாயுவால் குளிரவைக்கிற கம்ப்ரஸர் ஓட்டியவர். ஃபேக்டரியை மூடியதும் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் இவளிடம் வந்து சேர்ந்தார். தன்னைவிட இத்தனை வயது சின்னவளை 'டீச்சர்' என்று கூப்பிட அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் மனிதர் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். அது அவருடைய மூக்கு.

"அம்மோனியா கசிஞ்சா கேட்டுக்குள்ள வரும்போதே சொல்லிருவேன் டீச்சர். உங்க பெட்டியெல்லாம் அதுக்குப் பொறவுதான் கத்தும்" என்பார்.

ஜெபசெல்வி மறுத்துப் பேசமாட்டாள். கேள்வி கேட்டாலும் லேசில் பதில் சொல்லமாட்டாள்.

சேர்ந்த புதிதில் பட்டறையின் வாசல் விளக்குக்கு அவர் ஒரு வெளிச்ச சென்சார் மாட்டினார். இருட்டினால் விளக்கு தானே எரியவேண்டும், விடிந்தால் தானே அணையவேண்டும். அன்று சாயங்காலம் விளக்கு எரிந்தது. உடனே அணைந்தது. மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. விக்கல் எடுத்தது மாதிரி அது அடித்துக்கொள்வதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"சரக்கு சரியில்ல டீச்சர்" என்றார் கொம்பையா.

ஜெபசெல்வி ஸ்டூலில் ஏறினாள். விளக்கைப் பார்த்திருந்த சென்சாரை வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். விளக்கு நின்று எரிந்தது.

தன் விளக்கையே பார்த்துவிட்டு, விடிந்துவிட்டது என்று நம்பியிருக்கிறது அது. கொம்பையாவுக்கு விளங்கிவிட்டது. "கிறுக்குப் பய சென்சாரு" என்று அதைத் திட்டினார். அதை அப்படி மாட்டியது யார் என்பதை வசதியாக மறந்துவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அவரை முதல்முறையாகத் தனியாக வேலைக்கு அனுப்பினாள். இறால் உரித்து உறையவைக்கிற கம்பெனி அது. அங்கே உரிக்கிற கூடத்தில் மாட்டியிருந்த அம்மோனியா அலாரத்தைச் சோதித்துவிட்டு வரவேண்டும். அந்தக் கூடத்தில் பத்தொன்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி கொம்பையாவின் மகள் சண்முகக்கனி.

காலையில் போனவர் பதினொரு மணிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"முடிஞ்சுதா அண்ணாச்சி?"

"முடிஞ்சுது டீச்சர். பெட்டி கொஞ்சம் தப்பாக் காட்டுச்சு. நேராக்கிட்டு வந்துட்டேன்."

அவள் தலையாட்டிவிட்டு, கையிலிருந்த மேஜை விளக்கில் ஈயம் வைத்துக் கம்பி பற்றவைக்கிற வேலையைத் தொடர்ந்தாள். விரலால் தொட்டால் எரிகிற விளக்கு அது.

கொம்பையா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். இந்தப் பெட்டிக்கு மூக்கு கெடையாது. பொறவு எப்படி இதுல வாயு இருக்கு, இதுல இல்லன்னு அதுக்குத் தெரியுது?"

ஜெபசெல்வி விளக்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தொடுற இடத்துல விரலை வைங்க."

"கரண்டே குடுக்கலியே."

"வைங்க."

வைத்தார். அவள் சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரியவில்லை.

"நல்லா அழுத்துங்க."

அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"பத்தவச்சது சரியில்ல போல" என்றார்.

"விரலை எடுங்க. இப்ப வைங்க."

எடுத்துவிட்டு வைத்தார். விளக்கு எரிந்தது.

கொம்பையா விரலைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். மெதுவாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"கரண்ட் வரும்போதே என் விரல் அதுமேல இருந்துச்சு. அதனால விரல் இருக்கறதையே ஒண்ணும் இல்லாததுன்னு எடுத்துக்கிடுச்சு. அப்படித்தானே? மாறினாத்தான் அதுக்குத் தெரியும்."

சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"டீச்சர், காலையில அந்த அம்மோனியாப் பெட்டி பூஜ்யத்துக்குப் பதிலா பதினெட்டு காட்டுச்சு."

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"என் மூக்குக்கு ஒரு வாடையும் தெரியல. பெட்டிதான் பொய் சொல்லுதுன்னு ஜீரோ பட்டனை அழுத்திட்டேன்."

"எங்க வச்சு?"

"உள்ளயே."

அந்தப் பட்டனை அழுத்தினால், இப்போது இருக்கிற காற்றுதான் சுத்தமான காற்று என்று பெட்டிக்குச் சொல்வதாக அர்த்தம். ஜெபசெல்வி ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடற்காற்று அடிக்கிற வெளிவாசலுக்குப் போவாள். கொஞ்ச நேரம் நின்று, அங்கேதான் பட்டனை அழுத்துவாள். பாவம், புழுக்கத்தில் காற்று வாங்கப் போகிறாள் என்றே கொம்பையா இத்தனை நாள் நினைத்திருந்தார்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. வேலைக்காரர்களின் போன்கள் எல்லாம் கேட்டில் பூட்டிக் கிடக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கொம்பையா பின்னால் ஏறி உட்கார்ந்தார். முகத்தில் கடற்காற்று அடித்துக்கொண்டே வந்தது.

கூடத்துக் கதவைத் திறந்ததும் வாடை அவரை அறைந்தது. கண் கரித்தது. சுவரில் பெட்டி சாதுவாக இருபத்துமூன்று காட்டிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து ஆனால்தான் அது கத்தும்.

"எல்லாரும் வெளிய வாங்க! கையில இருக்கறதைப் போட்டுட்டு வாங்க!"

"என்ன பெரியவரே, காலையில வந்து பாத்துட்டு நல்லாருக்குன்னுதான சொன்னீக? ஒரு வாடையும் காணுமே" என்றாள் ஒருத்தி.

"நான் சொன்னது தப்பும்மா. நீங்க உள்ளயே இருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாது. வாங்க, வாங்க!"

ஜெபசெல்வி மெஷின் அறைக்கு ஓடினாள். பெண்கள் முணுமுணுத்தபடி வெளியே வந்தார்கள். கொம்பையா எண்ணினார். பதினெட்டு பேர்தான் இருந்தார்கள்.

"கனி! ஏ கனி!"

சண்முகக்கனி கடைசியாக வந்தாள். போட்டுவிட்டு வந்தால் சூப்பர்வைசர் ஏசுவார் என்று இறால் தட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கொம்பையா தட்டைப் பிடுங்கித் தரையில் வைத்தார்.

"மூச்சு முட்டுதாம்மா? நெஞ்சு எரியுதா?"

"அதெல்லாம் இல்லப்பா. காலையில இருந்து லேசாத் தலைவலி. இந்தக் காத்துல நின்னா சரியாப் போவும். நீங்க எதுக்கு அழுவுதீய?"

போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவருக்கு. மகளின் தலையில் கையை வைத்தபடியே நின்றார்.

மெஷின் அறையில் வேலை பார்த்த தவசி முகமூடி மாட்டிக்கொண்டு போய், அங்கே கசிந்த வால்வை அடைத்துவிட்டு வந்தார். அதன் கழுத்து நட்டு தளர்ந்திருந்தது. பெரிய காற்றாடியைப் போட்டுக் கூடத்தைக் காற்றோட்டமாக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் கேட் ஓரத்து நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். வேலை நேரத்தில் கிடைத்த ஓய்வு என்பதால் அந்த டீ அவர்களுக்கு நன்றாகவே இறங்கியது.

ஜெபசெல்வி பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து கொம்பையாவின் கையில் கொடுத்தாள். அவர் கடற்காற்றில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண் இறங்கியது. பூஜ்யத்துக்கு வந்தது. அங்கே நிற்காமல் அதற்கும் கீழே போனது. கடைசியில் மைனஸ் பதினெட்டில் நின்றது.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். இந்த முறை அவர் பெட்டியைத் திட்டவில்லை. பட்டனை அழுத்தினார். பூஜ்யம் வந்தது. உள்ளே கொண்டுபோய் மாட்டினார். பெட்டி இரண்டு காட்டியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்ப் பூஜ்யமானது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு டீ குடிக்கத் தோன்றியது.

டம்ளரை வைத்துக்கொண்டு ஜெபசெல்வியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இருபத்தாறு வருஷ மூக்கு டீச்சர். இப்ப கதவைத் திறந்ததும் அடிச்ச வாடை காலையில ஏன் அடிக்கல?"

"காலையில வந்ததும் நேரா கூடத்துக்குப் போனீங்களா?"

"இல்ல. தவசி என் பழைய கூட்டாளி. மெஷின் ரூம்ல அவன்கூட ஒரு மணி நேரம் பேசிட்டு இருந்தேன். பொறவுதான் கூடத்துக்குப் போனேன்."

ஜெபசெல்வி டீயைக் குடித்தாள்.

கசிவு இருந்த அறையிலேயே ஒரு மணி நேரம் பழகிப்போன தன் மூக்கைக் கொம்பையா தடவிப் பார்த்தார்.

"அப்போ இனிமே இந்த மூக்கை நம்பக்கூடாதா டீச்சர்?"

"நம்பலாம் அண்ணாச்சி" என்றாள் அவள். "பெட்டியை வெளிய எடுத்துட்டுப் போறப்ப அதையும் கூட்டிட்டுப் போங்க."