சுழியில் சிக்கிய தேக்கிலை

ஒரு காட்டில் மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்திருந்தது, பிள்ளைகளே. நான்காம் நாள் காலையில், ஓடையின் மடுவில் ஒரு தேக்கிலை சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மூவர் அதன்மேல் இருந்தார்கள். ஓர் எறும்பு, ஒரு வெட்டுக்கிளி, ஒரு நத்தை. எறும்பு தன் ஒரே முட்டையை முன்னங்கால்களால் அணைத்துக்கொண்டிருந்தது.

மடுவில் ஒரு சுழி இருந்தது. இலை சுழியை நெருங்கும்போது விர்ரென்று பாயும். பிறகு விலகிக் கரையோரம் போய், மெல்லத் திரும்பி, மறுபடி சுழியை நோக்கி வரும். இலையில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வழியே தண்ணீர் ஊறியது.

வெட்டுக்கிளி சொன்னது: “பயப்படாதீர்கள். கரையில் வெள்ளைக் கல் தெரிகிறதா? அதற்கு நேரே வந்தபோதுதான் இலை கரைக்கு மிக அருகில் இருந்தது. சுற்றுகிற பொருள் போன தடத்திலேயே திரும்பி வரும். அடுத்த முறை அங்கே தாவிக் கரையேறி, உங்களையும் மீட்க வழி பார்க்கிறேன். எறும்பே, உன் முட்டையையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், கொடு!”

அதன் குரலில் நல்ல மனம் இருந்தது. எறும்பும் முட்டையை நீட்டத்தான் போனது. ஆனால் ஏதோ உறுத்தியது.

“ஒரே ஒரு சுற்று பொறுங்கள், அண்ணா.”

இலை சுற்றி வந்தது. இந்த முறை கரையை நெருங்கியது வெள்ளைக் கல்லுக்கு நேரே அல்ல. அதற்கு அடுத்த கல்லுக்கு நேரே.

“ஒரு கல் தள்ளிப் போய்விட்டது, அண்ணா!”

“அட, ஒரு கல்தானே! அலை தள்ளியிருக்கும்.”

அடுத்த சுற்றில் இன்னும் ஒரு கல் தள்ளியது.

“அலை என்றால் முன்னும் பின்னும் தள்ளும். இது ஒரே பக்கமாகப் போகிறதே!” என்றது எறும்பு. “சுழிக்குப் பக்கத்தில் இழுப்பு நாம் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் போலிருக்கிறது. அங்கே இலை கூடுதலாகத் திரும்பிவிடுகிறது. அதனால்தான் தடமும் நகர்கிறது.”

“நீ யோசித்து முடிப்பதற்குள் மூழ்கிவிடுவோம்!”

வெள்ளைக் கல் நேரே வந்ததும் வெட்டுக்கிளி எம்பித் தாவியது. ஆனால் இலை அப்போது கரையை நெருங்கவே இல்லை. நடுத் தண்ணீரில் விழுந்து தத்தளித்தது பாவம். நத்தை சட்டென்று உடலை நீட்டிக் கொடுத்தது. அதைப் பற்றிக்கொண்டு வெட்டுக்கிளி இலைமேல் ஏறி, நடுங்கியபடி கிடந்தது.

“நல்லவேளை, முட்டையைக் கொடுக்காமல் விட்டாய்” என்று முனகியது.

“எங்களுக்காகத்தானே அவசரப்பட்டீர்கள்” என்றது எறும்பு. பிறகு கரையைக் காட்டியது. “அதோ, ஒரு புங்கமர வேர் தண்ணீரில் தொங்குகிறது. இன்னும் ஐந்து கல் தள்ளி இருக்கிறது. சுற்றுக்கு ஒரு கல் என்றால், ஐந்து சுற்று.”

“அதுவரை இலை தாங்குமா?” என்று கேட்டது நத்தை.

எறும்பு ஓட்டையைப் பார்த்தது.

வெட்டுக்கிளி எழுந்து நகர்ந்து, தன் உடலாலேயே ஓட்டையை அடைத்துப் படுத்துக்கொண்டது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று. எறும்பு முட்டையை உயரத் தூக்கிக்கொண்டது. நான்காவது சுற்றில் இலையின் விளிம்பு தண்ணீருக்குள் போய்விட்டது.

ஐந்தாவது சுற்றில் வேர் இலையை உரசியது. நத்தை இலையை விடாமல் வேரிலும் ஒட்டிக்கொண்டது. சுழி இழுத்தது, நத்தை விடவில்லை. அதன் ஓட்டின்மேல் ஏறி எறும்பு முட்டையோடு வேரை அடைந்தது. பின்னாலேயே வெட்டுக்கிளியும் ஏறியது. நத்தையும் இலையை விட்டு வேரில் ஏறியதும் இலை சுழிக்குள் போய் மறைந்தது.

கரையில் வெயில் சுள்ளென்று அடித்தது. வெட்டுக்கிளி ஈரச் சிறகை விரித்து, முட்டைக்கு நிழல் பிடித்தபடி நின்றது.

நீதி: சிறு பிசகுதானே என்று ஒதுக்காதே; அது ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப வந்தால், திருத்த வேண்டியது உன் எண்ணத்தைத்தான்.