பரவால்லீங்க

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாச்சம்மாளின் வலது கால் போய்விட்டது. அது இனி வரப்போவதில்லை, ஆகவே அதில் புதிர் ஒன்றும் கிடையாது. புதிர் அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நிதானமாகக் கேளுங்கள், நான் எதையும் சும்மா சொல்லப்போவதில்லை.

கொங்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு பிழைத்தவர் நாச்சம்மாள். வயது ஐம்பத்தெட்டு, கணவர் இல்லை. காலையும் மாலையும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடப்பார். கால்தான் அவருக்குச் சோறு போட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மருமகள் கோகிலா ஆட்டோவில் தாலுகா அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

எலும்பு டாக்டர் நல்லபடியாகவே மாவுக்கட்டுப் போட்டார், கால்விரல்களை மட்டும் வெளியே விட்டு. "விரல் வீங்குதா, நிறம் மாறுதான்னு அடிக்கடி பாருங்க சிஸ்டர்" என்று சொல்லி, சீட்டிலும் எழுதிவைத்துவிட்டு வேறு ஊருக்குப் போனார்.

மறுநாள் புதன்கிழமை, மருத்துவமனையின் தரத்தைப் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. நோயாளிகளின் திருப்தி எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுச் சான்றிதழ் தருவார்கள். தலைமை மருத்துவருக்கு அந்தச் சான்றிதழ் மேல் மூன்று வருடத்து ஆசை. செவ்வாய் மாலையே வார்டுக்கு வந்து, பீரோவில் கிடந்த புதுப் பச்சைப் போர்வைகளை எடுத்துக் கொடுத்தார். "எல்லாருக்கும் கழுத்திலிருந்து கால்வரைக்கும் போர்த்தி விடுங்க. குழு போற வரைக்கும் ஒரு போர்வையும் கலையக் கூடாது" என்றார். வார்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது.

புதன் காலை ஏழு மணிக்கு நர்ஸ் ஜெசிந்தா வந்தாள். முப்பத்திரண்டு கட்டிலுக்கு அவள் ஒருத்திதான். "கால் எப்படிங்கம்மா இருக்குது?" என்று கேட்டாள். "பரவால்லீங்க" என்றார் நாச்சம்மாள். ஜெசிந்தா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

எட்டு மணிக்குத் தூக்குப்போசியில் ரசஞ்சாதத்தோடு கோகிலா வந்தாள். "வலிக்குதுங்களா அத்தை?" என்றாள். "பரவால்ல கண்ணு, நீ கம்பெனிக்குக் கிளம்பு, லீவு போட்டா ஏசுவாங்க" என்றார். போசியை அவர் திறக்கவில்லை. கோகிலா அதைப் பார்த்தாள், பார்த்தும் போனாள்.

பகல் பன்னிரண்டுக்கு எழுத்தர் மாரப்பன் திருப்திப் படிவத்தோடு வந்தார். அதில் இரண்டே கட்டங்கள்: 'திருப்தி', 'திருப்தி இல்லை'. கவனிப்பு எப்படி, ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். "கட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்க" என்றவர், மாரப்பன் பேனாவோடு விழிப்பதைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க" என்று முடித்துக்கொண்டார். மாரப்பன் 'திருப்தி'யில் டிக் அடித்தார்.

இந்தச் சொல்லைப் போல ஏமாற்றுகிற சொல் நம் பேச்சில் வேறில்லை. குழம்பு ருசியாக இருந்தாலும் பரவாயில்லைதான். பஸ்ஸில் காலை மிதித்தவனிடமும் பரவாயில்லைதான். இனி சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றினாலும் அதேதான். நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நாலு மணிக்குக் குழு கிளம்பியது. மடித்து வைப்பதற்காகப் போர்வைகளை உருவினார்கள். நாச்சம்மாளின் விரல்கள் ஐந்தும் ரத்த ஓட்டமில்லாமல் கறுத்துச் சில்லிட்டிருந்தன. கட்டை வெட்டிப் பிரித்து, ஆம்புலன்ஸில் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே காலை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் விசாரணை. தலைமை மருத்துவர் அறையில் ஒரு பக்கம் மூன்று நாற்காலிகள், எதிரே ஒன்று.

"அத்தை எதுக்குமே அப்படித்தானுங்க சொல்லுவாங்க. மாமா செத்தன்னைக்கும் அப்படித்தான் சொன்னாங்க. அது தெரிஞ்சும் போயிட்டனுங்க" என்று கோகிலா அழுதாள்.

"இறுக்கம்னு எழுதப் படிவத்துல எடமில்லீங்க சார். எனக்கு வைத்தியமும் தெரியாதுங்க" என்றார் மாரப்பன்.

"கேட்டேன் சார். பரவால்லைன்னாங்க. போர்வையத் தூக்கிப் பாக்கல" என்றாள் ஜெசிந்தா. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒருத்திக்கு அந்த வாயைத் தெரியும், ஆனால் போனாள். ஒருவரிடம் இறுக்கத்தை வார்த்தையாகவே சொன்னார்கள், ஆனால் அவர் எழுதவில்லை. ஒருத்திக்குத் தொழில் தெரியும், ஆனால் பார்க்கவில்லை. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களில், நாச்சம்மாளின் காலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: ஜெசிந்தா என்று சொன்னீர்களானால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். மாவுக்கட்டில் விரலை வெளியே விடுவதே, நோயாளியின் வாயை நம்ப வேண்டாம் என்பதற்காகத்தான். வாய் மரியாதைக்குப் பேசும், விரலுக்கு மரியாதை தெரியாது. ஆனால் ஒரு டாக்டர் வெளியே விட்ட விரல்களை மூடச் சொன்னது யார், குழு போகும்வரை திறக்காதே என்றது யார் என்று திரும்பிப் பாருங்கள். நான் 'மூவரில் யார்' என்று கேட்கவில்லை, அறையில் நாற்காலிகள் நான்கு. நான்காவதில் இருந்தவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததால் அவரை யாரும் கேட்கவில்லை. ஜெசிந்தாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எருமைகளை விற்றாயிற்று. சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் தொங்குகிறது: நோயாளிகள் திருப்தி, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்தத் தொண்ணூற்றெட்டில் நாச்சம்மாளும் ஒருவர்.