மலையை நாலடியில் நிறுத்தியவர்கள்

தொட்டிப்பாறை மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஊர். பதினொரு வீடு. எல்லோருக்கும் மூளை உண்டு, அதை அநாவசியமாகத் தொந்தரவு செய்கிற வழக்கம்தான் கிடையாது. அந்த ஊருக்கு நேர் மேலே மலை விரிசல் விட்டது.

மண்சரிவை ஆராய வந்த பொறியாளர் ஹசீனா, விரிசலுக்கு இந்தப் பக்கம் ஓர் இரும்பு முளையும் அந்தப் பக்கம் ஒன்றும் அடித்தார். இடைவெளி சரியாக நாலு அடி. அளவுநாடாவை ஊர்க்காரன் சடையாண்டியிடம் கொடுத்தார்.

"தினமும் அளந்து பாருங்க. நாலு அடிக்கு மேல ஒரு விரக்கடை கூடினாலும் ஊரோட கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிடணும். இன்னொண்ணு, விரிசல் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது."

ஜீப் போனதும் சடையாண்டி மாட்டுக்கொட்டகைக்கு ஓடினான். அவனுடைய செவலைப் பசு நிறைசினை. அவளை எப்படி அந்தச் சரிவில் இறக்குவது? அதற்குள் இன்னொரு சிக்கல் முளைத்தது.

"அளக்கணும்னாங்க. கிட்டப் போகக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்களே!"

"படிச்சவங்க, யோசிக்காமலா சொல்லியிருப்பாங்க?" என்றாள் அவன் மனைவி குருவம்மா.

பூசாரி வீரணன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "நாமதான் விரிசல்கிட்டப் போகக் கூடாது. முளை நம்மகிட்ட வரலாமில்ல?"

"தாராளமா வரலாம். முளைக்கு யாரும் தடை போடலையே" என்றான் சடையாண்டி.

தூர நின்று கயிற்றுச் சுருக்கை வீசினார்கள். முதல் வீச்சில் வீரணன் மாட்டினார். பொழுது சாய்வதற்குள் இரண்டு முளைகளும் வந்து சேர்ந்தன. அவற்றைச் சடையாண்டியின் மாட்டுக்கொட்டகையில், நாடா வைத்துச் சரியாக நாலு அடியில் அடித்தார்கள்.

அதன் பிறகு ஊருக்கு நிம்மதி. அடைமழை பிடித்தது. சடையாண்டி தினமும் அளந்தான், தினமும் நாலு அடி. மேலே விரிசலுக்குள் வீரணனின் ஆடு விழுந்தது. பார்த்து நடக்கத் தெரியவில்லை என்று ஆட்டைத் திட்டினார்கள். முளை சும்மாதானே நிற்கிறது என்று சடையாண்டி ஒன்றில் செவலையைக் கட்டினான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மலை உறுமியது. செவலை மிரண்டு, முளையைப் பிடுங்கிக்கொண்டு பாதையில் ஓடினாள். சடையாண்டி நாடாவின் ஒரு முனையை மற்ற முளையில் மாட்டிவிட்டு, மறுமுனையோடு பின்னால் ஓடினான்.

"குருவம்மா, அளவு கூடுது! ஐயோ, நாடா தீந்துபோச்சு, அளவு தீரலையே!"

அளவு கூடினால் இறங்க வேண்டும். கைக்குழந்தை, கோழி, பாய், பானை எல்லாவற்றோடும் ஊரே பசுவின் பின்னால் இறங்கியது. பள்ளிக்கூட மைதானத்தில் கால் வைத்தபோது, மேலே பாதி மலை பதினொரு வீட்டையும் மூடிக்கொண்டு சரிந்தது. சடையாண்டி செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

மறுநாள் காலை ஹசீனா பதறி ஓடிவந்தார். தலைகளை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு கச்சிதமா வந்திருக்கீங்க! முளை நகர்ந்ததைப் பார்த்தா இறங்கினீங்க?"

"ஆமாம்மா. கண்ணால பார்த்தோம்." சடையாண்டி தலையைச் சொறிந்தான். "ஆனா ஒரு சந்தேகம். அளவு கூடினா பள்ளிக்கூடத்துக்கு வரணும்னீங்க. வந்துட்டோம். இங்க வந்தும் கூடிக்கிட்டே இருக்கே, இனி எங்க போகணும்?"

ஹசீனா திரும்பிப் பார்த்தார். வேலியோரம் செவலை புல் மேய்ந்துகொண்டே, முளையை இழுத்தபடி நாலு எட்டு நகர்ந்தாள்.

ஊர் மொத்தமும் எழுந்து பாயைச் சுருட்டியது.