உப்பில்லாத விருந்து

வெள்ளாற்றூர் சமஸ்தானத்தின் அரசு வக்கீலை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்று ராஜா சொல்லிவிட்டார். போட்டிக்கு நின்ற திவானின் மைத்துனர் ரங்கபூபதி ஊருக்கே விருந்து வைத்தார். சமையல் பிச்சாண்டி. பொய்க் கேஸில் மாட்டிய அவனைக் காசு வாங்காமல் மீட்டவர், இப்போது ரங்கபூபதியை எதிர்த்துத் தேர்தலில் நின்ற வக்கீல் சவரிமுத்து.

இலை எடுத்ததும் ரங்கபூபதி வந்தார். "என் உப்பைத் தின்னுட்டீங்க. ஓட்டு எனக்குத்தான்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

பிச்சாண்டி கரண்டியோடு முன்னால் வந்தான். "இன்னிக்கு எதுலயும் உப்பே போடலீங்க எசமான்."

கூட்டம் ஆமாம் என்றது. கூட உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஜெயித்த சவரிமுத்து நன்றி சொல்ல வந்தபோது பிச்சாண்டி மோர் கொடுத்தான்.

"என்னப்பா, இப்படிக் கரிக்குது?"

"இனிமே நீங்க எங்க உப்பைத் தின்னவருங்க."

சவரிமுத்து சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுக் கைகூப்பினார்.