ராஜா வாங்கிய காற்றுவாங்கி

எந்தக் காலத்துக் கதை என்று மட்டும் கேட்காதீர்கள். ராஜாவும் இருந்தார், பிக்கப் வண்டியும் இருந்தது. அப்படி ஒரு காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாழையூர் ராஜா வில்லவராயருக்கு யானை, குதிரை, பல்லக்கு எல்லாம் இருந்தன. ஆனால் உயிர் அந்தப் பிக்கப் வண்டியின் மேல்தான். "நான் இருமினால் உங்களுக்குக் கேட்காது. அது இருமினால் எழுந்து ஓடுகிறீர்கள்" என்று ராணி சொல்லிக் காட்டுவாள். ராஜா மறுத்ததே இல்லை.

ஒருநாள் துறைமுகத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தான். பளபளவென்று ஒரு சிவப்புக் குழாயை எடுத்து ராஜாவின் முன்னால் வைத்தான்.

"இதன் பெயர் காற்றுவாங்கி, மகாராஜா. உங்கள் வண்டியோடு வந்த, என்ஜினுக்குக் காற்று கொடுக்கும் கறுப்புப் பெட்டி, சளி பிடித்த குழந்தை மாதிரி மூச்சு விடுகிறது. அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டுங்கள். அப்புறம் பாருங்கள், இரண்டு மடங்கு இழுக்கும்!"

மாட்டினார்கள். ராஜா ஏறி உட்கார்ந்தார். சாரதி சடையன் மிதித்தான். 'உர்ர்ர்ர்' என்று எழுந்த உறுமலில் கோட்டை வாசல் காவலன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

"புலி! புலி!" ராஜா சீட்டிலேயே துள்ளினார். "எப்படிப் பாய்கிறது பார்த்தாயா, சடையா?"

சடையனுக்குப் பொய் சொல்ல வராது. அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான்.

"சத்தம் பாயுது, மகாராஜா. வண்டி எப்பவும் போலத்தான் போகுது. சங்குமேட்டு ஏற்றத்தில் நேற்றும் இரண்டாவது கியர்தான், இன்றைக்கும் இரண்டாவது கியர்தான்."

ராஜாவின் மீசை துடித்தது. "என் புலியைப் பூனை என்கிறாயா? நாளை மறுநாள் முதல் நீ யானைக் கொட்டிலில் லத்தி அள்ளு. வண்டிக்கு வேறு சாரதி வருவான்!"

அரண்மனைக்குத் திரும்பியதும் சடையன் வாடிப்போய் அவையில் நின்றான். கொட்டிலை நினைத்துக்கூட அவன் அவ்வளவு கலங்கவில்லை. தன் வண்டியை வேறொருவன் ஓட்டுவானே என்பதுதான் அவன் துக்கம்.

அவைப் புலவர் நப்பின்னை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசுவது அபூர்வம். பேச எழுந்தால் பெரிய மனிதர்கள் தலைப்பாகையைச் சரிசெய்துகொள்வார்கள்.

"சடையன் சொன்னது நிஜமா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமே, மகாராஜா?"

"சோதனையா? என் முதுகே சீட்டில் ஒட்டிக்கொண்டது, புலவரே! சரி. வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை என்று என் வாயாலேயே சொல்ல வையுங்கள், பார்க்கலாம். நாளை மாலை வரை நேரம். முடியாவிட்டால் சடையனுக்குக் கூடை பிடிக்க நீங்களும் கொட்டிலுக்குப் போகலாம்."

வியாபாரி பல்லைக் காட்டினான். "நல்ல பெரிய கூடையாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா."

"யானை போடுவதை அள்ளிவிடலாம், ஐயா" என்றாள் நப்பின்னை மெதுவாக. "நீங்கள் அள்ளிவிடுவதை எதில் போடுவது என்றுதான் தெரியவில்லை."

மறுநாள் மாலை வண்டி தயாராக நின்றது. பின்னால் தார்ப்பாய் மூடியிருந்தது.

"அது என்ன?" என்றார் ராஜா.

"சுமை, மகாராஜா. சுமையோடு ஏறினால்தானே இழுவை தெரியும்? வண்டிக்குக் காற்று விஷயத்தில் ஒரு சின்ன மாற்றமும் செய்திருக்கிறேன்."

சொல்லிவிட்டு, வியாபாரியையும் அழைத்துக்கொண்டு சங்குமேட்டின் உச்சிக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

சடையன் வண்டியைக் கிளப்பினான். 'ப்பூஊஊம்ம்' என்று காடே அதிர்ந்தது. ராஜா இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஹா! நேற்றைவிட இன்று இன்னும் வேகம்! என்ன சொல்கிறாய், சடையா?"

"சத்தம் பிரமாதம், மகாராஜா" என்றான் அந்தப் பொய் தெரியாதவன்.

உச்சியில் வண்டி நின்றது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"வண்டியை நிறுத்தடா!"

"நிறுத்தியாச்சு, மகாராஜா. சாவி இதோ என் கையில்."

'ப்பூஊஊம்ம்!'

ராஜா திரும்பிப் பார்த்தார். நப்பின்னை தார்ப்பாயை இழுத்தாள். உள்ளே அரண்மனைக் கொம்பு ஊதுகிறவர்கள், கன்னம் பணியாரமாக உப்ப, கண்ணை மூடிக்கொண்டு ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் கிடந்தது சிவப்புக் குழாய்.

ராஜா தாமே பானெட்டைத் திறந்து பார்த்தார். பழைய கறுப்புப் பெட்டி சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"அந்தக் குழாய் இல்லாமலா இப்படி ஏறியது? அப்படியானால்... வண்டியில் ஒரு மாற்றமும் இல்லையே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வண்டி செய்தவன் முட்டாள் இல்லை, மகாராஜா" என்றாள் நப்பின்னை. "அந்தப் பெட்டி வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுத்து, புழுதியை வடிகட்டி, சத்தம் போடாமல் கொடுக்கிறது. இந்தக் குழாய் என்ஜின் சூட்டுக்குள்ளேயே மூச்சு விடுகிறது. நம் செம்மண் தூசியையும் சேர்த்து விழுங்குகிறது. உள்ளே எல்லாவற்றையும் மாற்றிய பந்தய வண்டிக்கு வேண்டுமானால் இது உதவலாம். பலாப்பழம் ஏற்றுகிற வண்டிக்கு எதற்கு?"

ராஜா வியாபாரியின் பக்கம் திரும்பினார். "இரண்டு மடங்கு இழுக்கும் என்றாயே!"

"காற்றை இழுக்கும் என்றேன், மகாராஜா. வண்டியை என்று நான் சொல்லவே இல்லையே!"

ராஜாவின் கை உடைவாளுக்குப் போனது. நப்பின்னை குறுக்கே வந்தாள்.

"விடுங்கள், மகாராஜா. காற்றுவாங்கி என்ற பெயரை இவர் உண்மையாகத்தான் சொன்னார். அது குழாயின் பெயர் என்று நாம்தான் நினைத்துக்கொண்டோம்."

"பின்னே, யாருடைய பெயர்?"

நப்பின்னை தலையைக் குனிந்துகொண்டாள். "காற்றை யார் வாங்கினார்களோ, அவர்களுடைய பெயர்."

ஒரு கணம் யாருக்கும் மூச்சே வரவில்லை. கொம்புக்காரர்களுக்கும்தான். பிறகு ராஜா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வண்டியில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நப்பின்னையிடம் கொடுத்தார். சடையனின் தோளைத் தட்டினார்.

"இனி இந்த வண்டிக்கு நீதான் சாரதி. உன்னைத் தவிர யாரும் சாவியைத் தொடக்கூடாது. கிளப்பு. காற்றுவாங்கியைப் பத்திரமாக அரண்மனையில் கொண்டுபோய் இறக்கிவிடு."

"சரிங்க மகாராஜா" என்று சடையன் சிவப்புக் குழாயை எடுக்கப் போனான்.

"அதை இல்லையடா" என்று சொல்லிவிட்டு, ராஜா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.