பக்கெட்டுக்காக வாங்குன எண்ணெய்

ஒரு ஊர்ல ஒரு பக்கெட்டு இருந்துச்சாம். ராஜா இல்லையா அத்தைன்னு கேக்காத. ராஜா வந்தா உனக்குத் தலை வாரி உடுவாரா? பக்கெட்டுதான். செவச்செவன்னு இருக்கும், வெள்ளை மூடி போட்டிருக்கும். படு. காலை எம்மேல போடாத, உதைச்சுப்புடுவேன். கதை கேக்கறதுன்னா 'ம்' கொட்டணும். கொட்டலைன்னா பாதியில எந்திரிச்சுப் போயிருவேன்.

"ம்."

ஆங், அப்பிடி. அந்த ஊர்ல செங்கோடன்னு ஒரு மகா புத்திசாலி. குட்டியானை ஓட்டறவன். நெசமான ஆனைக்குட்டி இல்ல, சாமான் ஏத்திக்கிட்டு நாலு சக்கரத்துல போகுமே, அந்தச் சின்ன வண்டி. அவன் பொண்டாட்டி பாவாயி, ஊட்டுலயே இட்லி மாவு ஆட்டி விக்கறவ. சமையக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூம்பு. அதுக்குள்ள கிரைண்டரு, அரிசி மூட்டை, மாவு குண்டா. அவ ராஜ்ஜியமே அந்த ரூம்புதான்.

அப்போ வண்டிக்கு இஞ்சின் ஆயில் மாத்தற நாள் வந்துச்சு. அந்த வண்டி குடிக்கறது ரெண்டு மூணு சொம்பு எண்ணெய்தான். இவன் கடைக்குப் போனான். கடைக்காரன் மூஞ்சியப் பாத்தே ஆளை எடை போட்டுட்டான்.

"சின்ன டப்பா எதுக்குண்ணா? பெரிய பக்கெட்டா எடுத்துக்கங்க. எண்ணெய் தீந்தா பக்கெட்டு உங்களுக்கே."

"பக்கெட்டு சும்மாவா?"

"சும்மாதாண்ணா."

அவ்ளோதான். சும்மாங்கற வார்த்தை காதுல உழுந்துட்டா சில பேருக்கு மூளை கோயில் வாசல்ல செருப்பு மாதிரி வெளியவே நின்னுக்கும். பேரம்னா என்ன கண்ணு? வேண்டாம்னு சொல்லிட்டு எந்திரிச்சு வரத் தெரியணும், அதுக்குப் பேருதான் பேரம். இவன் என்னடான்னா ஒரு லாரி குடிக்கற எண்ணெயை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு, கடைக்காரனையே சாச்சுப்புட்ட மாதிரி மீசையைத் தடவிக்கிட்டு வந்தான்.

"ம்."

ஊட்டுக்கு வந்தான். பக்கெட்டைத் தட்டிப் பாத்தான், டங்கு டங்குன்னுச்சு. மூடியைத் தெறந்து மூடிப் பாத்தான், டக்குன்னுச்சு. அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. யோசனை வர்றதுதான் அவனுக்கு வியாதி.

"பாவாயி, இவ்ளோ நல்ல பக்கெட்டுல போயி எண்ணெயை வைக்கறதா?"

"ஏனுங்க, எண்ணெய் வைக்கறதுக்குன்னே செஞ்ச பக்கெட்டுங்க அது."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அரிசி ஊற வைக்கத் தெரியும், உளுந்து பதம் தெரியும், நாலு தெரு சாப்புடற மாதிரி மாவு ஆட்டத் தெரியும். பக்கெட்டு விஷயமெல்லாம் பெரிய படிப்பாச்சே!

இன்னொண்ணு கேளு. பஸ் ஸ்டாண்டுல மெஸ்ஸு வெச்சிருக்கற தங்காயி அந்த வியாழக்கிழமை காலையில வர்றதாச் சொல்லியிருந்தா. மாவை மோந்து பாத்து, நாக்குல வெச்சுப் பாத்து, புடிச்சுதுன்னா தெனமும் எடுத்துக்குவா. பாவாயி எத்தனை வருசமாக் காத்துக்கிட்டிருந்த வியாபாரம்! தங்காயிக்கு மூக்குன்னா மூக்கு. மூணு ஊட்டுக்கு அக்கட்டால மோர் புளிச்சாக்கூட இங்கிருந்தே சொல்லிருவா. மாவுல மட்டும் எண்ணெய் வாடை அடிச்சுதோ, போச்சு.

"அப்புறம்?"

அப்புறம் என்ன, செங்கோடன் பரண் மேல இருந்த பழைய கடலெண்ணெய் டின்னை எறக்கினான். வண்டிக்கு அப்புறம் ஊத்திக்கலாம்னுட்டு அதுல எண்ணெயை ஊத்துனான், களக் களக் களக்குன்னு. பக்கெட்டைச் சீயக்காய் போட்டுத் தேச்சுக் கழுவி, வெயில்ல காய வெச்சு, பாலித்தீன் கவரு சுத்திப் பரண் மேல ஏத்துனான். அய்யனாரைக்கூட அப்பிடிக் குளிப்பாட்டி வெச்சிருக்க மாட்டான். டின்னை எங்க வெச்சாங்கற? மாவு ரூம்புல! வண்டியில வெச்சா களவு போயிருமாம். வாசல்ல வெச்சா வெயிலாம்.

மறாநாள் பாவாயி உள்ள போறா. டின்னு அடியில துரு. சொட்... சொட்... சொட்டுனு தரையில தேன் கலருல ஒரு குளம்.

"ஏனுங்க! டின்னு ஒழுகுதுங்க!"

இவன் குளிக்கற சோப்பை எடுத்து ஓட்டையில அப்புனான். "லாரிக்காரங்க டேங்கு ஒழுகுனா இப்பிடித்தான் அப்புவாங்க. அவங்க என்ன முட்டாளா?"

"அவங்க பட்டறை போய்ச் சேர்ற வரைக்கும் அப்புவாங்க. நம்மூட்டு டின்னு எந்தப் பட்டறைக்குங்க போவுது?"

பொழுது சாயறதுக்குள்ள சோப்பு வழுக்கிக்கிட்டு ப்ளக்குன்னு உழுந்துச்சு. ஓட்டை பெருசாச்சு. சோப்பு மட்டும் நல்லா எண்ணெய் தேச்சுக் குளிச்சிருந்துச்சு.

"ம்."

பாவாயி சொன்னா, "ஏனுங்க, அந்தப் பக்கெட்டை எறக்கி..."

"அது புதுசு!"

அப்போ ரெண்டாவது ஏற்பாடு. குடிதண்ணி கேன், கீறல் உட்டுருச்சுன்னு தண்ணிக்காரன் தூக்கிப் போட்டானே, அதை இவன் தவமிருந்து எடுத்துட்டு வந்து வெச்சிருந்தான். அதுல ஊத்துனான். தண்ணியே நிக்காத கேனு, எண்ணெய் நிக்குமா? கீறல் வழியா கோடு போட்ட மாதிரி எறங்குச்சு. இவன் ரெண்டு உருண்டையாச் சேத்துப் பெசைஞ்சு ஒட்டுவாங்களே, அந்தக் களிம்பை வாங்கிட்டு வந்தான். பெசைஞ்சான், பெசைஞ்சான், பரோட்டாக் கடையில பெசையற மாதிரி பெசைஞ்சான். எண்ணெய் வழியற எடத்துலயே அப்புனான். எண்ணெய் மேல எது கண்ணு ஒட்டும்? ஒட்டுனது அவன் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான்.

"ரெண்டு விரலும் ஒட்டிக்கிச்சா அத்தை?"

ஒட்டிக்கிச்சு. ரெண்டு நாளைக்கு எதைச் சாப்புட்டாலும் மூக்குப்பொடி எடுக்கற மாதிரியே சாப்புட்டான். சிரிக்காத, தூக்கம் கலைஞ்சுரும்.

பாவாயி பழைய துணியைப் போட்டுத் தரையைத் தொடைச்சா, தொடைச்சா, தொடைச்சுக்கிட்டே இருந்தா. "ஏனுங்க, தங்காயக்கா நாளைக்கு வர்றாங்க. கையெடுத்துக் கும்புடறேன், அந்தப் பக்கெட்டை..."

"எல்லாத்துக்கும் பக்கெட்டு, பக்கெட்டு! அது நல்லதுக்குன்னு வெச்சிருக்கறேன்!"

எந்த நல்லதுக்குன்னு அவனுக்கும் தெரியாது, பக்கெட்டுக்கும் தெரியாது.

அப்போ மூணாவது ஏற்பாடு. இதுதான் உச்சம். கனமான பிளாஸ்டிக் பை ஒண்ணுல மிச்ச எண்ணெயை ஊத்தி, வாயை ரப்பர் போட்டுச் சுத்தி, கோணிக்குள்ள எறக்கி, அந்த மாவு ரூம்புலயே தூளி கட்டற கொக்கியில தொங்க உட்டுட்டான். "தரையில வெச்சாத்தான ஒழுகும்?"னான். நியூட்டன் தாத்தா கேட்டிருந்தா அந்த மரத்தடியிலயே அழுதிருப்பாரு.

"தூளியில போட்டாச்சு, ஒரு தாலாட்டும் பாடிருங்க"ன்னுட்டுப் பாவாயி மாவு ஆட்டப் போயிட்டா. கடகட கடகடன்னு கிரைண்டரு சுத்துச்சு. மாவைக் குண்டாவுல வழிச்சு, ஓரமா வெச்சு, தட்டுப் போட்டு மூடி, மேல ஈரத்துணியும் போட்டா.

முழிச்சிருக்கியா?

"ம்... ம்."

வியாழக்கிழமை வெளிச்சம் வந்துச்சு. மாவு நல்லாப் பொங்கியிருந்துச்சு. அப்போ கோணிக்குள்ள ஒரு சத்தம். கறுக் கறுக். கறுக் கறுக். எலி! செங்கோடன் ஓடி வந்து தூளிக்கு அடியில நின்னு அண்ணாந்து பாத்தான். நல்ல எடமாப் பாத்து நின்னான் போ. தொபீர்னு பை கிழிஞ்சு மொத்தமும் அவன் தலையில! மண்டையில இருந்து கணுக்கால் வரைக்கும் எண்ணெய்க்காப்புச் சாத்துன சாமி மாதிரி பளபளன்னு நின்னான். எலி மட்டும் சுத்தமாத் தப்பிச்சுது. அது புத்திசாலி.

தலையில பட்டது போக மிச்சம் தரையில. தரையோ குண்டா பக்கம் சரிவு. எண்ணெய் நாக்கை நீட்டிக்கிட்டு மாவைப் பாத்துப் போவுது.

"புடிங்க, குண்டாவைத் தூக்குங்க!"

இவன் ஒரு எட்டு வெச்சான். சர்ர்ர்ர்ருனு வழுக்கி செவுத்துல போயி முட்டி உக்காந்தான். எந்திரிச்சவன், ஒரு கொடத்தைத் தூக்கித் தண்ணியை ஊத்திட்டான், கழுவறானாம்! தண்ணி மேல எண்ணெய் மெதந்துக்கிட்டு, மெதுவாப் போனது இப்ப சவாரி போவுது!

"தண்ணியை ஊத்தாதீங்க!" பாவாயி போட்ட சத்தத்துல தெருவே எந்திரிச்சுது. எருமைக்கு வெச்சிருந்த தவிட்டு மூட்டையை வாசல்ல இருந்து இழுத்தா. குண்டாவுக்கு முன்னால குப்புறக் கவுத்தா. கையால அணைச்சு அணைச்சு, வயல்ல வரப்புப் போடற மாதிரி ஒரு கரை கட்டுனா. எண்ணெய் வந்துச்சு, தவிட்டை முட்டுச்சு, நின்னுச்சு. தவிடு உறிஞ்ச ஆரம்பிச்சுது.

அவளுக்கு மூச்சு வாங்குது. குண்டாவுல இருந்து ஒரு சாண் தூரம், அவ்ளோதான்.

அப்புறம் அவ பரணுக்கு ஏணி போட்டா. பாலித்தீன் கவரைப் பல்லுல கடிச்சுக் கிழிச்சா. அந்தச் செவச்செவன்னு இருந்த புதுப் பக்கெட்டுல, எண்ணெய்த் தவிட்டை முறத்தால வாரி வாரி, சதக் சதக்குனு போட்டா. மூடியை அழுத்துனா. டக்!

"அடியே, என் பக்கெட்டு!" செங்கோடன் அழுதுட்டான். எண்ணெய் போனதுக்கு அழுவல, மண்டை வீங்குனதுக்கு அழுவல.

"மூச்சு உட்டீங்கன்னா உங்களையும் இதுலயே போட்டு மூடிருவேன். வெளிய போயி நில்லுங்க."

போயி நின்னான். அப்போ தெரு முக்குல செருப்புச் சத்தம், சரக் சரக். தங்காயி! வரும்போதே மூக்கு முன்னால வருது.

"பாவாயி, ஆரு இது, வாசல்ல செலை மாதிரி?"

"எங்க ஊட்டுக்காரருங்க்கா. எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போறாருங்க."

"இன்னைக்கு வியாழக்கெழமையாச்சே? ஆம்பளைங்க புதனும் சனியுமுல்ல குளிப்பாங்க?"

"அவருக்கு நாளு கெழமையெல்லாம் தெரியாதுங்க்கா."

தங்காயி உள்ள போனா. தவிட்டுக் கரை கெடந்த எடத்தைப் பாத்தா, பக்கெட்டைப் பாத்தா, ஒண்ணும் கேக்கல. பொழப்பு நடத்தறவளுக்குப் பொழப்பு நடத்தறவளைப் பாத்தாலே தெரியும். குண்டாவை வாசலுக்குத் தூக்கிட்டு வரச் சொன்னா. தட்டை எடுத்தா. மோந்தா. இன்னொருக்கா மோந்தா. தங்காயி ஒரு விரல் தொட்டு நாக்குல வெச்சா. கண்ணை மூடுனா.

"புளிப்பு சரியா இருக்குது. மாவு வாசம்தான் வருது. நாளையில இருந்து தெனமும் குடு."

பாவாயிக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அப்போ வாசல்ல நின்ன செலை வாயைத் தெறந்துச்சு. "தெனமும் கொண்டாந்து எறக்க நம்ம வண்டியே இருக்குதுங்க! வாடகை மட்டும் குடுத்தாப் போதும்!"

தங்காயி அவனை மேல இருந்து கீழ வரைக்கும் ஒருக்கா மோந்து பாத்தா.

"அந்த வண்டியில வந்தா மாவை எறக்கவே உட மாட்டேன்."

அப்புறம் என்ன? பக்கத்து ஊட்டுக் கண்ணாயாக்கா மொபெட்டுல தெனமும் மாவு போவுது, டர்ர்ர்ருனு. கண்ணாயாக்காளுக்கு வாடகையும் போவுது. கோணிக்குள்ள கிழிஞ்ச பை மடிப்புல தேங்கி நின்ன எண்ணெயைச் செங்கோடன் துணியில வடிகட்டி வண்டிக்கு ஊத்துனான். சரியா ரெண்டு மூணு சொம்பு இருந்துச்சாம். வண்டி இப்ப புதுசு மாதிரி ஓடும்னு வாசல்ல உக்காந்துக்கிட்டுப் போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றான். ஓட்டிக் காட்டுன்னா, வாடகை ஒண்ணும் வரலைங்கறான்.

ம் சொல்லு. டேய். ம் சொல்லுடா.

தூங்கிட்டியா? நல்லதாப் போச்சு. கதையும் வடிஞ்சுது, கண்ணும் மூடுச்சு. தூங்கு சாமி.